தரவின் தடம் – 7: வட்டில் இறங்கிய பிறகே ‘உறுதி’

‘உங்கள் முன்பதிவு உறுதியானது’ என்ற வரி திரையில் தோன்றும்போது, அந்தப் பதிவு சர்வரின் ரேமில் மட்டும் இருக்கலாம். வட்டில் இறங்கியும் இருக்கலாம். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சர்வருக்கு மின்சாரம் போனால்தான் தெரியும்.

ரேமில் எழுதுவது நொடியின் கோடியில் சில பங்கு வேலை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு சுற்றுக்குக் காத்திருந்தால் நொடிக்கு 120 பதிவுகளோடு நின்றுவிடும். எஸ்.எஸ்.டி. வெகு வேகமானது; ஆனாலும் அங்கும் காத்திருப்பு உண்டு. இதைக் குறைக்கத்தான் தரவுத்தளங்கள் முதலில் ஒரு லாக் கோப்பில் மாற்றங்களை வரிசையாக எழுதிவிட்டு, உரிய அட்டவணைகளை நிதானமாகத் திருத்துகின்றன. நடுவில் சர்வர் விழுந்தால் லாக்கைப் படித்து மீண்டுகொள்ளும்.

லாக் வட்டில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதில்தான் பேரம். மைசீக்வெல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, இயல்பாக ஒவ்வொரு முறையும் காத்திருக்கும். அமைப்பை மாற்றினால் நொடிக்கு ஒரு முறை மட்டும் இறக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு நொடிப் பதிவுகள் தொலையலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் காத்திருப்பை நிறுத்தினால், இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 600 மில்லிநொடிப் பதிவுகள் போகும், மிஞ்சியவை சிதையாது. வட்டில் இறக்கும் கட்டளையையே அணைப்பது வேறு விஷயம். அதில் தரவுத்தளம் முழுவதுமே சிதையக்கூடும். வேகத்துக்காக இதைச் செய்வது எந்த அலுவலகத்திலும் மன்னிக்கத்தக்கதல்ல.

திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுகள் இணையத்தில் வெளியாகும் காலைப்பொழுது போன்ற நெரிசலில்தான் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ஆசை வருகிறது. ஆனால் நெரிசலே அதற்கு மருந்தையும் தருகிறது. அலிபிரியிலிருந்து ஒரே ஆளோடு ஏறும் பஸ்ஸுக்கும் நிரம்பிய பஸ்ஸுக்கும் மலைப்பாதையில் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். அதுபோல, ஒரே கணத்தில் வந்த நூறு பதிவுகளை ஒரே முறையில் வட்டில் இறக்கலாம். கூட்டம் கூடக்கூட ஒருவருக்கான செலவு குறையும். தளர்த்தும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

தளர்த்தத் தகுந்தவையும் உண்டு. பணம் கட்டும்வரை சில நிமிடம் பிடித்துவைக்கும் இடம் தொலைந்தால், பக்தர் மறுபடி தேர்ந்தெடுப்பார், எரிச்சலோடு போகும். பணம் பிடித்தபின் சீட்டு தொலைந்தால், ஒரு குடும்பம் மலையேறி வந்து வாசலில் நிற்கும். போஸ்ட்கிரெஸில் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு விதி வைக்கலாம். பரிவர்த்தனைக்குப் பரிவர்த்தனை மாற்ற முடியும்.

சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையத்தில் பேரமே இல்லை. கேனைத் தூக்கி ஊற்றி, எடை போட்டு, கொழுப்பு பார்ப்பதற்குள் வட்டு ஆயிரம் முறை சுழன்றுவிடும். ஆனால் பால் மற்ற பாலோடு கலந்தபின் மறுபடி அளக்க வழியில்லை. தொலைவது ஒரு விவசாயியின் அன்றைய கூலி. அங்கே ஒவ்வொரு வரியும் உடனே வட்டில் இறங்க வேண்டும்.

வட்டே பழுதானால் இவை எதுவும் உதவாது. அதற்கு வேறொரு ஊரில் நகல் வேண்டும். திருப்பதியிலிருந்து சென்னைக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்வர ஒன்றரை மில்லிநொடி ஆகும். வழியிலுள்ள கருவிகள் இன்னும் கொஞ்சம் கூட்டும். பணம் சேர்ந்த பதிவுக்கு அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியதே. பிடித்துவைத்த இடத்துக்கு அது தேவையில்லை.