டிக்கியை வெட்டுவதற்கு முன்...

மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் இயங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில், 2014 மே மாதத்துடன் அம்பாசடர் கார் உற்பத்தி நின்றுபோனது. ஆனால், அந்தக் காரின் மீதான பற்று நின்றுவிடவில்லை. பழைய அம்பாசடர்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போர் நாடெங்கும் இருக்கின்றனர்.

அவர்களில் சிலருக்குப் புதியதோர் ஆசை எழுந்திருக்கிறது. டிக்கியை வெட்டியெடுத்து, கூரையைப் பின்முனை வரை நீட்டி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு பொருத்தி, சலூன் காரை எஸ்டேட் காராக மாற்ற விரும்புகின்றனர். என்னிடம் பொருளியல் பயின்று, இப்போது வேளாண்மையில் ஈடுபட்டிருக்கும் மாணவர் ஒருவரும் இதுகுறித்து என் கருத்தைக் கேட்டார். காய்கறிக் கூடைகளையும் குடும்பத்தினரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது அவரது தேவை. நியாயமான தேவைதான். ஆனால், அதற்கான விடை பொறியியல், சட்டம், பொருளியல் ஆகிய மூன்றையும் தொட்டு நிற்கிறது.

அம்பாசடரின் மூலம், பிரிட்டனில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் மூன்று என்ற காராகும். அந்த ஆக்ஸ்ஃபோர்டு வரிசையில் 'டிராவலர்' என்ற பெயரில் எஸ்டேட் கார்களும் வெளிவந்தன. 1957-இல் வந்த சீரிஸ் நான்கு டிராவலர், முழுவதும் எஃகு உடலைக் கொண்டது. ஆகவே, இந்த மாற்றம் முடியாத ஒன்றன்று. எப்படிச் செய்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

பிரிட்டனின் டிரையம்ஃப் 2000 இதற்கு நல்ல சான்று. 1963-இல் சலூனாக அறிமுகமான அக்காரின் எஸ்டேட் வடிவம் 1965-இல் வந்தது. பாதி முடிந்த நிலையிலிருந்த உடல்கூடுகள் கோவென்ட்ரி நகரின் கார்பாடீஸ் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே எஸ்டேட்டாக உருப்பெற்றன. அதாவது, முழுமையடைந்த சலூன் காரை வாங்கி வெட்டவில்லை; உடல்கூடு உருவாகும்போதே அதன் பின்பகுதி வேறாக அமைக்கப்பட்டது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அம்பாசடர் போன்ற கார்களுக்கு லாரியில் இருப்பதுபோலத் தனி அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, தூண்கள், கூரை ஆகியவை சேர்ந்த உடல்கூடே பாரத்தைத் தாங்குகிறது. பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையிலுள்ள தடுப்பும், பின்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தட்டும் வெறும் மறைப்புகள்போலத் தோன்றும். உண்மையில், மேடுபள்ளங்களில் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் காப்பவற்றில் அவையும் அடங்கும். மூடியுள்ள அட்டைப்பெட்டியைக் கைகளால் முறுக்குவது கடினம். ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்துவிட்டால் எளிதில் நெளிந்துவிடும். காரும் அவ்வாறே.

எனவே, தடுப்பை நீக்கினால் இழந்த வலுவை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். பின்கதவின் வாயைச் சுற்றி வலுவான வளையம், கூரையின் உட்புறம் குறுக்குச் சட்டங்கள், தரையிலிருந்து எழும் புதிய தூண்கள் ஆகியவை தேவை. இவை இல்லாத வண்டி முதல் மாதத்தில் அழகாகவே ஓடும். பிறகு கதவுகள் சரியாக மூடாது. கண்ணாடியில் விரிசல் விழும். வெல்டிங் செய்த இடங்களில் துரு ஏறும்.

எடையும் இடம் மாறுகிறது. பின்புறம் கூடுதல் தகடும் கண்ணாடியும் சரக்கும் சேரும்போது, பின் அச்சைத் தாங்கும் வில்பட்டைகள் தாழ்ந்து, முன்பக்கம் எழும்பும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். பிரேக்கின் சமநிலையும் மாறும். சலூனில் டிக்கிக்குள் அடைபட்டிருந்த பெட்டி, எஸ்டேட்டில் பயணியின் தலைக்குப் பின்னால் இருக்கிறது. வேகமாகச் செல்லும் வண்டி திடீரென நின்றால் அது பாய்ந்து வந்து தாக்கும். ஆகவே, வலுவான தடுப்பு வலை கட்டாயம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். பின்கதவின் ரப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால், சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, உயிரைப் பறிக்கும் ஆற்றல் மட்டும் உண்டு.

நம் டிங்கர் தொழிலாளர்களின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நசுங்கிய தகட்டைச் சுத்தியலும் கண்ணளவும் கொண்டே மீட்டெடுப்பவர்கள் அவர்கள். ஆனால், வலுவைக் கண்ணால் அளக்க இயலாது. அதற்குக் கணக்கீடும் சோதனையும் வேண்டும்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிபடக் கூறியது. சலூன் என்று பதிவான வண்டி எஸ்டேட்டாக மாறினால், உடலின் வகையும் வெற்று எடையும் மாறுகின்றன. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் சிக்கலாகக்கூடும்.

பழைமைக்கான தகுதியும் பறிபோகும். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் 'வின்டேஜ்' தகுதி பெறலாம். ஆனால், அடிச்சட்டம், உடல்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் அவை பேணப்பட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. சில முடிவுகளைத் திரும்பப் பெறலாம். சிலவற்றைப் பெற முடியாது. மீளமுடியாத முதலீட்டில், எதிர்காலம் தெளிவற்றிருக்கும்போது, காத்திருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பதை அவினாஷ் தீட்சித்தும் ராபர்ட் பிண்டைக்கும் 1994-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினர். வண்ணம் பிடிக்காவிட்டால் மீண்டும் பூசலாம். வெட்டிய டிக்கியைப் பழையபடி ஒட்டவைக்க இயலாது. அம்பாசடர் இனி உற்பத்தியாகப் போவதில்லை என்பதால், சிதையாத ஒவ்வொரு வண்டியும் அருகிவரும் பொருளாகும்.

நம் நாட்டில் எஸ்டேட் கார்கள் ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்வியும் எழும். 1992-இல் 'டாடா எஸ்டேட்' வந்தது, நிலைக்கவில்லை. மக்களின் ரசனை ஒரு காரணம், வரி மற்றொன்று. 2006 நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. விளைவு, சலூன்களின் டிக்கிகூடக் குறுக்கப்பட்டது. இந்நிலையில் நீண்ட எஸ்டேட்டுக்கு இடமேது? பிரிட்டனிலும் இதுவே நடந்தது. 1960-இல் வந்த மினி வேனுக்குப் பக்கவாட்டில் பின்சன்னல்கள் இல்லாததால் கொள்முதல் வரி இல்லை. சன்னல் வைத்தால் வரி வந்துவிடும். காரின் உருவத்தை வடிவமைப்பாளரின் பென்சில் மட்டும் தீர்மானிப்பதில்லை; நிதியமைச்சகத்தின் பேனாவும் தீர்மானிக்கிறது.

அப்படியானால், மாற்றமே கூடாதா? சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. எரிவாயு, மின்கலம் ஆகியவற்றுக்கு மாற்றும் கருவித்தொகுப்புகள் சோதனை முகமைகளின் ஒப்புதலோடு இன்று பொருத்தப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தைத் தகவமைக்கவும் வழி உண்டு. மாற்றங்களுக்கான தர அளவுகளையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 52-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அளித்துள்ளது.

இதைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட கார் வகைக்கான எஸ்டேட் மாற்றத் தொகுப்பு ஒன்றை ஒருமுறை சோதித்து ஒப்புதல் வழங்கலாம். புணேயிலும் நம் ஒரகடத்திலும் வாகனச் சோதனை மையங்கள் இருக்கின்றன. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி, பயிற்சி பெற்ற பட்டறைகள் பணிசெய்தால், சோதனைச் செலவு பலர்மீதும் பரவி, தனி ஒருவரின் சுமை குறையும். தொழிலாளர்களின் கைத்திறனுக்குச் சட்டப்படியான வாழ்வாதாரமும் கிடைக்கும். முழுத் தடை மட்டும் நீடித்தால், வேலை மறைவான கொட்டகைகளுக்குப் போகும்; அங்கே ஆபத்தே மிகும்.

அந்த ஏற்பாடு வரும் வரை என் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: கூடைகளுக்குத் தனியாக ஒரு சிறு சரக்கு வண்டி வாங்குங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தாலும், மீளமுடியாத ஒரு வெட்டைவிட அதன் விலை குறைவு. அம்பாசடர் அம்பாசடராகவே இருக்கட்டும்.