காராச்சேவு மொறுமொறுப்பது ஏன்?

சாத்தூர் என்றதும் காராச்சேவுதான் நினைவுக்கு வரும். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய், பூண்டு, உப்பு ஆகியவற்றை நீர்விட்டுப் பிசைந்து, துளையிட்ட கரண்டியில் தேய்த்து, காய்ந்த எண்ணெயில் விழச் செய்கிறார்கள். மெத்தென்ற மாவு சில நிமிடங்களில் மொறுமொறுப்பாவது எப்படி?

மாவு விழுந்ததும் எண்ணெய் கொதிப்பதுபோல் தோன்றும். உண்மையில் கொதிப்பது எண்ணெயன்று, மாவிலுள்ள நீரே. நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ். பொரிக்கும் எண்ணெயோ ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி. ஆகவே நீர் விரைந்து ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறுகிறது. நீர் இருந்த இடங்கள் நுண்துளைகளாகின்றன. சுற்றியுள்ள மாவு காய்ந்து இறுகுகிறது. மொறுமொறுப்பு இதனால்தான்.

மேல்நாட்டினர் பாலாடைக் கட்டியைப் பொரிக்க மாவில் பீர் கலப்பதும், நாம் பஜ்ஜி மாவில் சமையல் சோடா சேர்ப்பதும் இத்துளைகளைப் பெருக்கவே. இரண்டிலும் உதவுவது கரியமில வாயு.

குமிழிகள் அடங்கினால் நீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். அதுவே சேவை எடுக்கும் பதம். வெளியே எடுத்ததும் துளைகளிலுள்ள ஆவி குளிர்ந்து சுருங்கும். மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். எனவே சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்துவிட வேண்டும். நன்கு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். ஈரம் பட்டால் நமுத்துவிடும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைந்து, கருத்துப் பிசுபிசுக்கும், உடலுக்கும் கேடு. அதிலுள்ள முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மீறினால் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. சேவு வாங்கும்போது வாணலியையும் ஒருமுறை பாருங்கள்!