அடுத்தவரின் ஆதார் நம் செல்போனில் இருந்தால் அதுவும் அமானிதமே!

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும், முதியோர் உதவித்தொகைக்கும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் கொருக்குப்பேட்டையில் நம் மக்கள் முதலில் போவது தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குத்தான். ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், பிரிண்ட் எடுத்ததும் கிளம்பிவிடுகிறோம். அந்தப் படம் கடை கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. ஜகாத், ஃபித்ரா கேட்டு வருபவர்களின் விவரங்களும் இப்படித்தான் ஜமாஅத் பொறுப்பாளர்களின் செல்போன்களில் குவிகின்றன.

இதில் என்ன ஆபத்து? 2021 ஜூன் இறுதியில், தமிழக பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்திருப்பதாகப் பெங்களூருவின் டெக்னிசாங்ட் நிறுவனம் தெரிவித்தது. ஆதார் எண், முகவரி, செல்போன் எண், குடும்ப உறவு எல்லாம் அதில் இருந்தன. இவை கையில் கிடைத்தால் மோசடிக்காரன் பெயர் சொல்லி அழைத்து, அதிகாரி போலப் பேசி ஓடிபி கேட்க முடியும். அரிசி வாங்கக் கொடுத்த விவரமே ஏழையின் வங்கிக் கணக்குக்கு வினையாகிவிடும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும், தம்மை எதிர்த்த மக்காவாசிகளின் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். பொருளுக்கு உள்ள இதே பொறுப்பு தகவலுக்கும் உண்டு.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. பிறர் தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரை இச்சட்டம் நம்பிக்கைப் பொறுப்பாளராகவே பார்க்கிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

பிறர் தகவலை வைத்திருப்போர் செய்ய வேண்டியவை:

1. எதற்கு என்று சொல்லி, சம்மதம் பெற்று, தேவையானதை மட்டும் வாங்குங்கள்.
2. வாங்கிய காரியத்துக்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.
3. கடவுச்சொல் போட்டு வையுங்கள். பயனாளிகள் பட்டியலையோ, உதவி வாங்குவோரின் படத்தையோ குரூப்பில் போடாதீர்கள். அது அவர்களின் மானம்.
4. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.
5. செல்போன் தொலைந்தாலோ, தகவல் கசிந்தாலோ மறைக்காமல் உரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். அப்போதுதான் அவர்கள் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

கொடுப்பவர்களுக்கும் கவனம் தேவை. ஏற்றுக்கொள்ளும் இடங்களில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். கடையை விட்டு இறங்கும் முன், “பாய், என் ஃபைலை டெலிட் பண்ணிடுங்க” என்று கேளுங்கள். அது சந்தேகம் அல்ல, உங்கள் உரிமை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

இன்றிரவே நம் செல்போனைத் திறந்து பார்ப்போம். யாருடைய அமானிதமாவது தேவையின்றி அதில் கிடந்தால் அழித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.