நிழலுக்கும் ஓர் இடம்

ஆக்ராவில் தாஜ்மகாலின் பெருவாயிலைக் கடப்போர் பெரும்பாலும் அங்கே ஒரு கணம் நின்று கைபேசியை உயர்த்துவர். செம்மணற்கல் வளைவின் இருள் சுற்றிலும் கவிந்திருக்க, நடுவே வெண்பளிங்கு மாடம் வெயிலில் ஒளிர்கிறது. நம் கண்கள் இரண்டையும் ஒருசேரக் காண்கின்றன. படத்திலோ, பளிங்கு தெளிவாகப் பதிந்தால் வளைவு கரியாகிவிடுகிறது. வளைவின் கல் தெரிந்தால் பளிங்கு வெற்றுத்தாள்போல் வெளுத்துவிடுகிறது. மிகுந்த ஒளியையும் ஆழ்ந்த நிழலையும் ஒரே பதிவில் முழுமையாக அடக்கும் ஆற்றல் காமிராவுக்குக் குறைவு என்பதே இதற்குக் காரணம்.

இச்சிக்கல் புதியதன்று. 1850களில் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளைப் படமெடுத்தபோது இதே இடர்ப்பாட்டைச் சந்தித்தார். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரிந்தன. கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துப்போயிற்று. அவர் கடலுக்கு ஒரு நெகடிவ்வும் வானத்துக்கு ஒரு நெகடிவ்வுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று எச்.டி.ஆர். என நாம் வழங்கும் முறையின் கருத்து அங்கேயே இருக்கிறது.

இன்றைய முறை எளிது. காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி ஒரே காட்சியை மூன்று முறை எடுக்கவேண்டும்: இயல்பான ஒளியளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது அல்லது பாதியாக்குவது. எனவே ஒளி குறைத்து எடுத்த படத்துக்கும் ஒளி கூட்டி எடுத்த படத்துக்கும் இடையே 16 மடங்கு வேறுபாடு கிட்டும். லைட்ரூம் முதலிய மென்பொருள்கள் இம்மூன்றையும் இணைத்துத் தரும். நடமாடும் மனிதர்களும் அசையும் கிளைகளும் இணைப்பில் ஆவிபோல் இரட்டித்துத் தோன்றக்கூடும்; அத்தகைய காட்சிகளுக்கு ரா கோப்பாக எடுத்த ஒரே படத்தைத் திருத்துவதே நன்று. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்க, 14 பிட் ரா கோப்பு 16,384 படிநிலைகளைக் காக்கிறது. இருளிலிருந்து விவரங்களை மீட்க அந்த இருப்பு கைகொடுக்கும்.

இணைத்தபின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. நிழல்களை எல்லாம் உயர்த்தி, ஒளிர்பகுதிகளை எல்லாம் தாழ்த்தி, ஒவ்வொரு மூலையையும் சம வெளிச்சமாக்கிவிடும் ஆவல் நமக்கு எழுவது இயல்பு. அப்போது வளைவும் பளிங்கும் ஒரே தட்டையான பரப்பாகின்றன. கட்டடத்தின் ஓரங்களில் செயற்கையான ஒளிவட்டம் படர்கிறது. வாயிலின் இருளைக் கடந்து வெண்மையைக் கண்ட வியப்பு மறைந்துவிடுகிறது. வளைவில் கல்லின் தன்மை தெரியும் அளவுக்கு மட்டும் நிழலை உயர்த்தி, எஞ்சியதை இருளாகவே விடுவது நலம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் இந்த அடக்கம் பொருந்தும். வண்ணத்தை முற்றாக நீக்கும் பொத்தானை அழுத்தினால் செம்பருத்தியும் அதன் இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். ஒவ்வொரு வண்ணமும் எவ்வளவு வெண்மை பெறவேண்டும் என நாமே தீர்மானிக்கும் கலவை வசதியைப் பயன்படுத்துவதே முறை. சிவப்பை உயர்த்தினால் மலர் இலையினின்று பிரிந்து நிற்கும். நீலத்தைத் தாழ்த்தினால் வானம் கருத்து, வெண்முகில்கள் எழுந்து தோன்றும். அளவு மீறினால் வானத்தில் புள்ளிகள் பொரிந்துவிடும்.

முகங்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மனிதத் தோலின் நிறம், கருமையாயினும் வெளிறியதாயினும், பெரும்பாலும் ஆரஞ்சு வண்ணப் பட்டைக்குள் அடங்கும். அதை உயர்த்திய நொடியே மாநிற முகம் வெளுத்துவிடும். முற்காலத்தில் ஒளிப்பட நிலையங்களில் நெகடிவ்வின்மீது பென்சிலால் தீட்டி முகச்சுருக்கங்களை மறைப்பதுண்டு. அதனினும் பெரிய மாற்றத்தை இன்று ஒரு விரலசைவு செய்துவிடுகிறது. வயலில் வெயில் காய்ந்த பாட்டனாரின் முகம் வெளுத்துப் பொலிந்தால், அவரைக் காணாத பேரப்பிள்ளைகள் அறியப்போவது வேறொரு மனிதரையே. ஒளிக்குறையைச் சரிசெய்வது திருத்தம். ஆளின் நிறத்தை மாற்றுவது திருத்தமன்று.

பழைய குடும்பப் படங்களை மீட்போருக்கு ஒரு குறிப்பு. கறுப்பு வெள்ளைப் படமேயானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யவேண்டும். காலத்தால் படிந்த மஞ்சள் கறை நீல அலைவரிசையில் கருத்துத் தெரியும். சிவப்பு அலைவரிசையில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதிப் பழுது நீங்கும். பின்னர்ப் படத்தின் மிக இருண்ட புள்ளியைக் கறுப்பாகவும் மிக ஒளிர்ந்த புள்ளியை வெண்மையாகவும் நிறுவினால் மங்கிய படம் உயிர்பெறும். இப்பணிகளைக் கணினியில் கிம்ப் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டே செய்துவிடலாம்.

இறுதியாகச் சிற்சில இடங்களை மட்டும் வெளுப்பாக்கலும் கருமையாக்கலும் உண்டு. அமெரிக்க ஒளிப்படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில், நிலவு எழுந்த மாலையைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகடிவ்விலிருந்து பல பத்தாண்டுகள் அச்சிட்டுவந்தார். தொடக்ககால அச்சுகளில் வானில் மெல்லிய முகிற்கீற்றுகள் தெரிகின்றன; பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அவருடைய எண்ணம் மாறமாற அச்சும் மாறிற்று. அதற்கு இடமளித்தது அழியாமல் காக்கப்பட்ட மூலம்.

சேமிப்பை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மூலக்கோப்பே நம் முதல். அதன்மேல் ஒருபோதும் கைவைக்காமல், நகலெடுத்துத் திருத்துவோம். மூலத்தை இரு வேறு இடங்களில் பாதுகாப்போம். இன்று நாம் செய்த திருத்தம் பத்தாண்டுகள் கழித்து நமக்கே மிகையாகத் தோன்றலாம். முதல் கையிலிருந்தால் மீண்டும் தொடங்கலாம்.