ஒன்றேகால் அங்குலப் படையும் ஒரு வியாபாரக் கணக்கும்

ஒரு பொருளுக்குக் கடையில் ஒரு விலை உண்டு. அதை வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அதன்மேல் செலவிடும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. இரண்டாவது விலையை நம் வியாபாரிகளில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ரெடிமேட் உடுப்பு, அரைத்த மிளகாய்த்தூள், வெட்டித் துப்புரவாக்கிய கோழி எல்லாம் அந்த இரண்டாவது விலையில்தான் ஓடுகின்றன. இந்த வாரம் அதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்று விசித்திரமானது: ஒன்றேகால் அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் போர்வீரர்கள்.

நெளுக்குளத்தில் ஹாட்வெயார், பெயின்ட் கடை நடத்தும் எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் படிக்கும் என் தங்கையின் மகன் டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது, பயணப் பையில் உடுப்பைவிடப் பிளாஸ்டிக்கையே அதிகம் கொண்டுவந்திருந்தான். 54 வீரர்கள், 3 வாகனங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பெப்ரவரியில் அங்கே ஒரு சுற்றுப்போட்டி. அதற்குள் படை முழுவதற்கும் வர்ணம் பூசவேண்டும். “மாமா, பூசாமல் போனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்துப் புள்ளி போய்விடும்” என்றான். பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பதற்குப் புள்ளியா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இரவில் கடையைப் பூட்டிய பிறகு, உள்ளே இருந்த மேசையில் நான்கைந்து நாட்கள் அவனோடு விளையாடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

விளையாட்டின் பெயர் ‘வோர்ஹேமர் 40,000’. இருவர் ஆடுவது. 60 அங்குல நீளம், 44 அங்குல அகலமுள்ள மேசை. அதன்மேல் இடிந்த கட்டடங்கள், மதில்கள் போன்ற அமைப்புகள். ஒவ்வொரு வகை வீரருக்கும் வாகனத்துக்கும் ஒரு புள்ளி விலை குறிக்கப்பட்டிருக்கும். சுற்றுப்போட்டிகளில் வழமையாக இருவரும் 2,000 புள்ளிக்குள் தம் படையைத் தெரிவுசெய்ய வேண்டும். ஆகவே நிறையப் பொம்மை வாங்க வசதியுள்ளவர் அத்தனையையும் மேசையில் கொட்டி வெல்ல முடியாது. யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவு நாடாவால் அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து சுற்று. முடிய மூன்று மணித்தியாலம்வரை எடுக்கும். எதிரியை முழுதாக அழிப்பவர் வெல்வதில்லை. மேசையில் குறித்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பவருக்கே புள்ளி.

2023இல் வந்த பத்தாம் பதிப்பின் விதிப்படி ஒரு ஆட்டத்தின் முழுப் புள்ளி 100. முக்கிய இலக்குகளுக்கு 50, துணை இலக்குகளுக்கு 40. மீதி 10, படை முழுவதும் வர்ணம் பூசப்பட்டிருந்தால் அப்படியே கிடைக்கும். பெரிய சித்திரக்காரராக இருக்கத் தேவையில்லை. உடுப்பு, ஆயுதம், முகம் ஆகிய முக்கிய பாகங்களுக்கு உரிய நிறம், நிற்கும் வட்டத் தட்டில் மண்ணோ புல்லோ போன்ற ஒரு பூச்சு, அவ்வளவு போதும்.

இந்த விதியை வைத்தவர்கள் யார் என்று பாருங்கள். பொம்மையையும் அவர்களே விற்கிறார்கள். பெயின்டையும் பிரஷையும் அவர்களே விற்கிறார்கள். கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்ற அந்தக் கம்பனியை 1975இல் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜக்சன், ஜோன் பீக் என்ற மூன்று நண்பர்கள் லண்டனில் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பித்தார்கள். முதல் சரக்கு மரத்தாலான விளையாட்டுப் பலகைகள். நம் வீட்டுப் பெண்கள் ஆடிய பல்லாங்குழியின் ஆபிரிக்க உறவான மன்காலாப் பலகையும் அதில் ஒன்று. பிறகு அமெரிக்காவிலிருந்து ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ என்ற விளையாட்டின் ஆறே ஆறு பிரதிகளுக்கு ஓடர் கொடுத்தார்கள். அந்த ஆறு பிரதிகளோடு ஐரோப்பா முழுவதற்குமான ஏக விநியோக உரிமையும் அவர்கள் கைக்கு வந்தது. ஆறு பிரதி வாங்கியவருக்கு ஒரு கண்டம்! உரிமை கொடுத்தவர்களும் அப்போது சிறியவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

1979இல் உலோகப் பொம்மை வார்க்கும் சிட்டாடெல் என்ற துணைக் கம்பனி. 1983இல் அந்தப் பொம்மைகள் மேலும் விற்கவேண்டும் என்பதற்காகவே வோர்ஹேமர் என்ற விளையாட்டு. 1987இல் அதன் எதிர்கால வடிவம். என் மருமகன் ஆடுவது அதைத்தான். 1994இல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது. 2001 தொடக்கம் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ திரைப்படங்களின் பொம்மைகளை உரிமம் பெற்று விற்று நன்றாகச் சம்பாதித்தார்கள். படங்கள் ஓடி முடிந்ததும் அந்த விற்பனை சரிந்தது; கம்பனி நட்டத்தையும் பார்த்தது. இரவல் புகழில் வந்த வாடிக்கையாளர் அந்தப் புகழோடு போய்விட்டார். அதன்பின் அவர்கள் தம் சொந்தக் கதை, சொந்தப் பாத்திரங்களிலேயே கவனம் வைத்தார்கள். பொம்மை உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோகாமல் நொட்டிங்ஹாமிலேயே வைத்திருக்கிறார்கள். வங்கிக் கடன் இல்லாமல் நடத்துவதை ஒரு கொள்கையாகவே சொல்கிறார்கள். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் சுட்டெண்ணில் இடம்பிடித்தார்கள். 2024-25 நிதியாண்டில் வருமானம் 60 கோடிப் பவுணைத் தாண்டியது. வரிக்கு முந்திய இலாபம் 26 கோடிப் பவுண் அளவில்.

போரைப் பொம்மையால் ஆடுவது புதிதல்ல. சதுரங்கம் என்ற சொல்லே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் ஷத்ரஞ்சாகப் போய், அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்த ஆட்டம் அது. 1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளுக்கு வரைபடமும் தாயக்கட்டையும் கொண்ட போர் விளையாட்டைப் பயிற்சியாக வைத்தது. 1913இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில் பொம்மைப் படை நடத்துவதற்கு விதிநூலே வெளியிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2009வரை நடந்ததைப் பார்த்த வன்னி மண்ணில், இடிந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்து சுடும் பொம்மையை வைத்து விளையாடுவது எல்லோருக்கும் பிடிக்காது. என் வீட்டிலேயே பிடிக்கவில்லை. என் மனைவி அந்தப் பெட்டியை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம் என்று சொன்னதால்தான் அது கடையில் கிடந்தது. உருவப் பொம்மைகள் பற்றிய மார்க்கக் கேள்வியும் சிலருக்கு வரும். அதை ஆலிம்களிடம் கேட்பதே முறை. நான் தீர்ப்புச் சொல்ல ஆளல்ல. நான் எழுதுவது தொழிலின் கணக்கை மட்டும்.

மருமகனுக்கு விளையாடத் தெரியும். பிரஷ் பிடிக்கத் தெரியாது. என் கடைக்கு அருகில் பெயர்ப்பலகை எழுதும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருகாலத்தில் மன்னார் வீதியில் பாதிக் கடைகளின் பெயர் அவர் கையெழுத்துத்தான். டிஜிட்டல் பதாகை வந்தபின் மாதத்துக்கு இரண்டு பலகை கிடைத்தால் பெரிது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானா, போர்ட் எழுதுற எனாமல் இதுக்குச் சரிவராது. மூக்கும் கண்ணும் மூடிப்போயிடும்” என்றார். எறிவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் சட்டத் துண்டில் பூசியும் காட்டினார். சொன்னது சரி. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசினால்தான் நுணுக்கம் தெரிகிறது.

வேலை முறையைச் சொல்கிறேன். பெயின்ட் வியாபாரம் செய்பவர்களுக்குப் பயன்படும். முதலில் சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி, அச்சு விளிம்பைச் சுரண்டி ஒட்டவேண்டும். பிறகு ஸ்பிரே அண்டர்கோட். இது டிசம்பர் மழைக்காலத்தில் பெரிய தொல்லை. காற்றில் ஈரம் கூடினால் பூச்சு மாவு தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். வெயில் எறித்த இரண்டு பகல்களில் மட்டுமே அந்த வேலையைச் செய்தோம். அதன்மேல் அடிநிறங்கள். பிறகு கழுவுநீர்போல மெல்லிய கருநிறம். அது பள்ளங்களில் ஓடித் தங்கி நிழலாகிவிடும். மேடான விளிம்புகளில் வெளிர்நிறக் கீற்று. கடைசியில் வார்னிஷ். 2019இல் அந்தக் கம்பனி ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் புதுவகைப் பெயின்டையும் இறக்கியது. நேரமில்லாத வாடிக்கையாளரை இழக்காமலிருக்க அது நல்ல உபாயம்.

அண்ணன் முதல் பத்து வீரர்களை ஒவ்வொன்றாகப் பூசினார். நான்கு நாள் போயிற்று. பிறகு தானாகவே முறையை மாற்றினார். மரச்சட்டத்தில் இருபது பேரை வரிசையாக நிறுத்தி, எல்லாருக்கும் நீலம், பிறகு எல்லாருக்கும் வெள்ளி, பிறகு எல்லாருக்கும் தோல் நிறம். மீதி 44 வீரர்களும் 3 வாகனங்களும் ஏழே நாளில் முடிந்தன. கடைசி வீரன் காய்வதற்கும் முதல் வீரன் அடுத்த நிறத்துக்குத் தயாராவதற்கும் நேரம் சரியாக இருந்தது. தூரிகை கழுவும் நேரம் மட்டுமே எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்!

நாளுக்கு 5,000 ரூபாப்படி பதினொரு நாளுக்கு 55,000 ரூபா. அண்டர்கோட், பிரஷ், வார்னிஷ் எல்லாம் சேர்த்து 60,000. பவுணுக்கு 400 ரூபா என்று வைத்தால் 150 பவுண். இதே வேலைக்கு இங்கிலாந்தில் அவன் விசாரித்தபோது கேட்ட விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. இது நான் கண்டுபிடித்த இரகசியமும் அல்ல. பெர்னாண்டோ என்டர்பிரைசஸ் போன்ற இலங்கை நிறுவனங்கள் வெளிநாட்டு விளையாட்டுக்காரர்களின் படைகளைத் தருவித்து, இங்கே கையால் வர்ணம் பூசி அனுப்புவதில் பல வருடங்களாகப் பெயரெடுத்தவை. மேல்நாட்டுப் போர் விளையாட்டு வட்டாரங்களில் இலங்கை என்றால் தேயிலைக்குப் பக்கத்தில் இதுவும் நினைவுக்கு வருபவர்கள் உண்டு. நம் ஊரில்தான் தெரியாது.

சுற்றுப்போட்டி இரண்டு நாள், ஐந்து ஆட்டம். யாரும் முதல் தோல்வியோடு வெளியேறுவதில்லை. வென்றவரை வென்றவரோடும் தோற்றவரைத் தோற்றவரோடும் அடுத்த ஆட்டத்துக்கு இணைக்கிறார்கள். செஸ் போட்டிகளில் உள்ள சுவிஸ் முறைதான். மருமகன் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் புள்ளியை அனுப்பினான். முதல் ஆட்டம் வெற்றி, இரண்டாவது படுதோல்வி. மூன்றாவது 68க்கு 61 என்று வென்றான். அண்ணன் என் தொலைபேசியை வாங்கி அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தைக் கழித்தால் 58. தோல்வி. எதிரே ஆடியவரின் படையில் கடைசியாக வாங்கிய ஐந்து வீரர்கள் சாம்பலாகவே நின்றார்களாம். அந்த ஐவரால் அவருக்குப் பத்தும் போனது. மொத்தத்தில் மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மண்டபத்தில் மூன்று பேர் இந்தப் படையை யார் பூசியது என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் பத்து வீரர்களை மாதிரிக்குத் தபாலில் அனுப்பினார். பூசித் திருப்பி அனுப்பியபோது ஒரு கூரியர் நிறுவனம் பொதியை எங்கே வைத்துக் குலுக்கியதோ, மூன்று துப்பாக்கிகள் முறிந்து போய்ச் சேர்ந்தன. பஞ்சும் பபிள் தாளும் போதாது. மருமகன் சொன்ன முறையில் இப்போது ஒவ்வொரு வட்டத் தட்டின் கீழும் சிறு காந்தம் ஒட்டி, பழைய பிஸ்கட் ரின்னுக்குள் நிறுத்திப் பார்த்திருக்கிறோம். ரின்னைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஆள் விழவில்லை.

தொகை கூடினால் சுங்கக் கணக்கு வரும். வெளிநாட்டுப் பொருளைத் தருவித்து, வேலை செய்து திருப்பி அனுப்புவோருக்கு ஏற்றுமதிப் பதப்படுத்தலுக்கான தற்காலிக இறக்குமதித் திட்டம் இலங்கைச் சுங்கத்தில் இருக்கிறது. நமக்கு இப்போதைக்கு அந்த அளவு இல்லை. என்றாலும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடமும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடமும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது செலவில்லாத வேலை. இன்னொன்று, இந்த வாடிக்கையாளருக்குத் திகதிதான் முக்கியம். போட்டி சனிக்கிழமை என்றால் திங்களன்று போய்ச் சேரும் படைக்கு ஒரு சதமும் பெறுமதியில்லை. ஆகவே அண்ணனால் பன்னிரண்டு நாளில் முடியும் வேலைக்கு இருபது நாள் சொல்லவேண்டும், மழைக்காலமென்றால் முப்பது.

நாற்பது வீரர்களுக்கு இப்போது ஓடர் ஒன்று பேச்சில் இருக்கிறது. கூலியை நாட்கணக்கில் வேண்டாம், ஆள் கணக்கில் தாருங்கள் என்கிறார் அண்ணன். அது அவருக்கும் நல்லது, எனக்கும் விலை சொல்ல இலகு. பாதிப் பணம் முற்பணமாக வந்தபிறகே பெயின்ட் குப்பியைத் திறப்பது என்று மருமகன் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.