நாயைத் துரத்திய முயல்

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, கரிசல் சூழ்ந்த வட்டாரத்தில் உள்ளது பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் முன்னோர் சாலிக்குளக் காட்டில் வேட்டையாடியபோது, முயலொன்று வேட்டைநாய்களை எதிர்த்துத் துரத்தியதென்றும், அம்மண்ணின் வீறு கண்டு ஆங்கே கோட்டை எழுப்பினரென்றும் வழிவழிக் கதை கூறும். விசயநகரத்தின் தோற்றத்திற்கும் இத்தகைய கதை உண்டு.

முயலின் இயல்பு யாது? காட்டுமுயல் வளை தோண்டாது. புதரடியில் அசையாது பதுங்கும். மண்ணையொத்த நிறமே அதற்கு அரண். வேட்டுவன் காலடி மிக நெருங்கிய பின்னரே துள்ளி எழும். ஓடுகையில் சட்டெனத் திசை மாறும். துரத்துவோர் திகைப்பர். அத்திகைப்பே கதைக்கு வித்தாகியிருக்கலாம்.

1801-இல் ஆங்கிலேயர் அக்கோட்டையைத் தரைமட்டமாக்கினர்; கதையோ அழியவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று முயல் வேட்டை குற்றமாகும். எதிர்த்து நின்ற முயலைப் போற்றும் நாம், பதுங்கிக் கிடக்கும் முயலையும் காத்தல் வேண்டுமன்றோ?