கல்லூரிக் கூரையும் கல்நார்த் தூசியும்

நாட்பட்ட இருமலோடும் மூச்சிரைப்போடும் நுரையீரல் நோய்ப் பிரிவிற்கு வருபவரிடம், "இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் வினவுவதுண்டு. இன்றைய இருமலுக்கும் அன்றைய வேலைக்கும் என்ன தொடர்பு என்று பலர் வியக்கின்றனர். அந்த வினாவிற்குப் பின்னால் நிற்கும் பொருள்களுள் ஒன்று கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எவர்க்கும் விளங்கும்.

கல்நார் மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் தாது. எரியாது, எளிதில் மக்காது, வெப்பத்தைக் கடத்தாது, பஞ்சுபோல் பிரித்து நூலாகவும் நெய்யலாம். இக்குணங்களால் அது கூரைத் தகடுகளிலும், நீர்க்குழாய்களிலும், கொதிகலன் உறைகளிலும், வாகனங்களின் பிரேக்குகளிலும் இடம்பெற்றது. முன்னாளில் வேதியியல் ஆய்வகத்தில் பயின்றவர்கள், முக்காலியின்மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவிலிருந்த வெள்ளை வட்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். பழைய வலைகளில் அது கல்நாரே. இப்போது பீங்கான் கலவை பூசிய வலைகள் வந்துவிட்டன.

தீங்கு அதன் இழைகளில் இருக்கிறது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அவை நீளவாக்கில் மென்மேலும் மெல்லியனவாகப் பிளந்து, கண்ணுக்குப் புலப்படாத தூசியாகக் காற்றில் மிதக்கின்றன. மணமில்லை, தொண்டையில் உறுத்தலும் இல்லை. நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கும் அவ்விழைகளுள் பலவற்றை உடலால் கரைக்கவோ வெளியேற்றவோ இயலுவதில்லை. நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தவர்க்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நோய் வருகிறது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோயும் வரலாம். இவை வெளிப்படப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கட்டடத்திலுள்ள கல்நாரைக் கையாளுவது எத்துணை அரிய பணி என்பதற்குப் பாரிசு நகரின் ஜுசியூ பல்கலைக்கழக வளாகம் சான்று. பிரான்சில் உறவினர் இருக்கும் புதுவைக் குடும்பங்கள் சிலவற்றிற்கு இப்பெயர் புதிதாக இராது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் எழுந்த அவ்வளாகத்தின் இரும்புச் சட்டங்களைத் தீயிலிருந்து காக்க, அவற்றின்மேல் கல்நாரைத் தெளித்துப் பூசியிருந்தனர். பூச்சு உதிரத் தொடங்கியது. 1970களின் நடுவில் அங்கே பணியாற்றிய அறிவியலாளர்களும் ஊழியர்களும் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். நச்சியல் அறிஞர் ஆன்றி பெசரா அவர்களுள் முன்னின்றவர். ஆயினும் முழுத் தடைக்கு நாடு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 1997 ஜனவரி 1 முதல் பிரான்சில் கல்நார் தடைசெய்யப்பட்டது. ஜுசியூவில் கல்நார் நீக்கும் பணி அதை ஒட்டித் தொடங்கி 2016 வரை நீண்டது. ஒரு வளாகத்தைத் தூய்மை செய்ய ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

நம் ஊர்க் கட்டடங்களில் பெரிதும் காணப்படுவது அத்தகைய தெளிப்புப் பூச்சு அன்று. சிமெண்டோடு கலந்து இறுகிய கூரைத் தகடே. வண்டி நிறுத்துமிடம், பணிமனை, பண்டக அறை, உணவகத்தின் பின்கட்டு ஆகிய இடங்களில் அதைக் காணலாம். விரிசலின்றி, எவரும் தொடாமல் இருக்கும் தகட்டிலிருந்து இழைகள் வெளியேறுவது மிகக் குறைவு. எனவே அத்தகைய கூரையின்கீழ் அமர்ந்து படிக்கும் மகனையோ மகளையோ எண்ணிப் பெற்றோர் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. அதற்கென எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கவும் தேவையில்லை. அத்தகட்டைத் துளையிடுபவரை, இயந்திர வாளால் அறுப்பவரை, உடைத்து இறக்குபவரை எண்ணித்தான் கவலைப்பட வேண்டும். 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சால் புயலையும் கண்ட கடற்கரை இது. தகடுகள் தாமாகவும் உடையும்.

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவது 1986இல் நிறுத்தப்பட்டது. ஆனால் வெள்ளைக் கல்நாரின் இறக்குமதியும் தகடு விற்பனையும் தொடர்கின்றன. ஆகவே கூரை புதியது என்பதால் கல்நார் இல்லை என்று கொள்ளலாகாது.

பாதுகாப்பின் முதற்படி, எந்தக் கட்டடத்தில் எவ்விடத்தில் கல்நார் இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்று எழுதிய பதிவேடு. பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இது சட்டக் கடமை. பதிவேடு அலுவலகப் பேழையில் உறங்கினால் பயனில்லை. மின்விசிறி மாட்ட வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஏணியில் ஏறுமுன் அதிலுள்ளது அவருக்குச் சொல்லப்பட வேண்டும். பெரும்பாலும் பிழை நிகழ்வது இவ்விடத்திலேதான். நல்ல நிலையிலுள்ள தகட்டை அப்படியே விட்டு ஆண்டுதோறும் பார்வையிடுவது, அவசரப்பட்டுப் பெயர்ப்பதைவிட நன்று. அகற்றியே ஆகவேண்டுமெனில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு, மாணவர் இல்லாத நாளில், தகட்டை நீரால் நன்கு நனைத்து, திருகாணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசலாகாது. உடைந்த துண்டுகளைத் தடித்த பாலித்தீன் உறையில் கட்டி, மற்றக் குப்பையோடு சேராமல் உரிய வழியில் அகற்ற வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குதல் கூடாது, ஈரத்துணியே ஏற்றது. கைக்குட்டையும் சாதாரண முகக்கவசமும் இத்தூசியைத் தடுக்கா. நுண்துகளை வடிகட்டுவதற்கெனத் தரச்சான்று பெற்று முகத்தோடு இறுகப் பொருந்தும் கவசம் வேண்டும்.

இல்லத்தாருக்கும் இதில் பங்குண்டு. கல்நார் வேலை செய்தவரின் உடையிலும் தலைமுடியிலும் இழைகள் வீட்டிற்கு வருகின்றன. அவ்வுடைகளை உதறித் துவைத்த மனைவியர் பல ஆண்டுகளுக்குப் பின் நோயுற்றது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. பணியிடத்திலேயே உடை மாற்றிக் குளித்து வருவதே முறை.

தச்சு, கூரை, குழாய், கொதிகலன், பிரேக் பழுது, கட்டடம் இடிப்பு ஆகிய வேலைகளில் முன்னர் இருந்தவர்கள், மருத்துவர் கேளாவிடினும் அதைத் தாமே சொல்ல வேண்டும். தேவைக்கேற்ப மார்பு எக்ஸ்-கதிர்ப் படமும், மூச்சின் அளவை அறியும் சோதனையும், சில வேளை சி.டி. ஸ்கேனும் செய்யப்படும். தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இல்லை. ஆனால் புகைப்பதை நிறுத்துவதால் கிடைக்கும் பயன் மிகப் பெரிது. கல்நாரும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகிறது.

தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை கல்நார்த் தொழிலகங்கள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27இல் தீர்ப்பளித்தது. தொழிலாளர் நலச் சட்டத்திலும் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோயாக இடம்பெற்றுள்ளது. ஆதலால் பழைய ஊதியச் சீட்டு, பணி அடையாள அட்டை, பணியிட மருத்துவச் சோதனைத் தாள்கள் ஆகியவற்றை எறியாமல் வைத்திருந்து, மருத்துவரைக் காண வரும்போது உடன் கொண்டுவருக.